எண் பொருந்திய துப்பாக்கி

என் சித்தி மகன் அமெரிக்காவில் இருக்கிறான். கணினி வேலை, சொந்த வீடு, இரண்டு பெண் குழந்தைகள். போன முறை அங்கே போயிருந்தபோது ராத்திரிச் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் தூங்கப் போனதும், "அண்ணே, ஒண்ணு காட்டறேன் வாங்க" என்று வீட்டின் கீழ்த்தளத்துக்கு அழைத்துப் போனான். இரும்பு அலமாரியின் எண் பூட்டைத் திருகித் திறந்தான். வெள்ளைப் பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டான். பச்சைத் துணி ஒன்றை மேசைமேல் விரித்து அதன்மேல் ஒரு கைத்துப்பாக்கியை எடுத்து வைத்தான். கருவறையிலிருந்து உற்சவ மூர்த்தியைத் தூக்கி வருகிறவர்களின் கையில்தான் அப்படி ஒரு பதனத்தைப் பார்த்திருக்கிறேன்.

லூகர் துப்பாக்கி அது. ஜெர்மன் தரைப்படை 1908இல் ஏற்றுக்கொண்டதால் பி08 என்று பெயர். இவனிடம் இருப்பது 1942இல் ஓபர்ண்டோர்ஃப் நகரத்து மௌசர் ஆலையில் செய்தது. எந்த ஆயுதம் எந்த ஆலையில் உருவாகிறது என்று எதிரிக்குத் தெரியக் கூடாது என்பதற்காக அந்தக் காலத்தில் ஆலைப் பெயருக்குப் பதில் எழுத்துக் குறி பொறித்தார்கள். 'பிஒய்எஃப்' என்றால் மௌசர். பக்கத்தில் 42 என்று ஆண்டு. பிடி கறுப்புப் பிளாஸ்டிக். இந்த வகைக்கு அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் 'பிளாக் விடோ' என்று செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். விஷச் சிலந்தி ஒன்றின் பெயர் அது. எனக்கு அந்தச் சொல்லின் நேர்ப்பொருள்தான், கறுப்பு விதவை என்பதுதான், முதலில் காதில் விழுந்தது.

பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தான். "இங்க பாருங்க, இங்க, அப்புறம் இங்க." குழலில் முழு வரிசை எண். விசை, தாழ், பாதுகாப்புத் தாழ், பக்கத் தகடு, கட்டைவிரல் அளவுகூட இல்லாத சின்னஞ்சிறு இரும்புத் துண்டு என்று ஒவ்வொன்றிலும் அந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள். ஆலையில் ஒன்றாகப் பொருத்திய பாகங்கள் எண்பது வருஷம் கழித்தும் பிரியாமல் இருக்கின்றன. "எல்லா நம்பரும் மேட்சிங் அண்ணே. ஒரு பாகம் மாறியிருந்தாக்கூட விலை பாதியாயிடும்." வலப் பக்கத்தில் கடுகளவு கழுகு முத்திரை, அதன் அடியில் 135. அது ராணுவத் தரச் சோதகரின் எண். பாலிஸ்டால் எண்ணெய் போட்டுத் துடைப்பான் போலிருக்கிறது. கல்யாண வீட்டு பீடாவைப் போல மெல்லிய சோம்பு வாசனை அடித்தது.

அழகான பொருள் என்பதை மறைக்க மாட்டேன். சுட்டதும் குழல் பின்னுக்கு வர, மேலே இருக்கும் மூட்டு மனித முழங்காலைப் போல மடங்கி எழுந்து, வெற்றுத் தோட்டாவைத் தள்ளி, அடுத்ததை ஏற்றிக்கொண்டு நீளும். அந்த வேலைப்பாட்டை ஒரு கடிகாரத்தில் பார்த்திருந்தால் கை தட்டியிருப்பேன். குழலின் நுனி ஓரத்தில் நீலக் கறுப்புப் பூச்சு தேய்ந்து வெள்ளி தெரிந்தது. மீண்டும் மீண்டும் உறையிலிருந்து உருவிய இடம் அது. இந்தத் தேய்மானத்தை அவர்கள் குறையாக நினைப்பதில்லை. 'ஆனஸ்ட் வேர்' என்கிறார்கள், நேர்மையான தேய்மானம். புதிதாகப் பூச்சுப் போட்டு மறைத்தால் விலை போய்விடும்.

உறையிலிருந்து அத்தனை முறை உருவினார்களே, எதற்கு உருவினார்கள்? கேட்டேன்.

"இதால யாரையாவது சுட்டிருக்காங்களாடா?"

"அது எப்படிண்ணே தெரியும்?"

"தெரிஞ்சுக்கணும்னு தோணலியா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: "வெறும் இரும்புதானே அண்ணே. துப்பாக்கியா கொல்லுது? மனுசன்தான் கொல்றான்."

பத்து நிமிஷத்துக்கு முன்னால் அதே துப்பாக்கியை என் கையில் வைத்தபோது அவன் சொன்னது வேறு: "ஹிஸ்டரியைக் கையில பிடிச்சிருக்கீங்க."

அந்த ராத்திரி முழுக்க எனக்கு உறுத்தியது இதுதான். என் தம்பி முறைக்காரன் கெட்டவன் இல்லை. ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காதவன். ஆனால் அவன் வாயிலிருந்து வந்த இரண்டு வாக்கியங்களும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது. விலை பேசும்போது அது வரலாறு. கேள்வி வரும்போது அது இரும்பு. வெறும் இரும்பு என்றால் கழுகு முத்திரை குத்திய இரும்புக்கும் குத்தாத இரும்புக்கும் ஏன் இவ்வளவு விலை வித்தியாசம்? வரலாறு என்றால், குழலின் மறுமுனையில் நின்றவன் அந்த வரலாற்றில் எங்கே போனான்?

உலகம் முழுக்க இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிறவர்களை நோக்கித்தான் கேட்கிறேன். ஐரோப்பிய ராணுவங்களும் காவல் படைகளும் கழித்துப்போட்ட பழைய துப்பாக்கிகளுக்கு ஒரு பெரிய சந்தை இருக்கிறது. அங்கே ஒரே ஆலையில், ஒரே ஆண்டில், ஒரே எஃகில் செய்த இரண்டு துப்பாக்கிகள் ஒரே விலைக்குப் போவதில்லை. வால்தர் பிபிகே என்ற சிறிய துப்பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் எவரும் வாங்கிய சாதாரண பிபிகே ஒரு விலை. நாஜிக் கட்சித் தலைவர்களுக்கென்று பிளாஸ்டிக் பிடியில் கழுகும் ஸ்வஸ்திகாவும் வார்த்துக் கொடுத்த பிபிகே பல மடங்கு விலை. அது மற்றதைவிட நேராகச் சுடுவதில்லை, மற்றதைவிட நீடித்து உழைப்பதுமில்லை. கூடுதல் காசு முழுவதும் அந்தச் சின்னத்துக்குத்தான் போகிறது. போலிப் பிடி செய்து விற்பதே தனித் தொழிலாகிவிட்டது. ஜெர்மனியிலோ அந்தச் சின்னத்தைக் காட்சிக்கு வைப்பது சட்டச் சிக்கல் என்பதால், வியாபாரிகள் ஸ்வஸ்திகாவின் மேல் சின்ன ஒட்டுத்தாள் ஒட்டி வைக்கிறார்கள். தாளுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவனுக்குத் தெரியும், விலைக்கும் தெரியும்.

இதற்குப் பகுத்தறிவாளர்களின் அகராதியில் பழைய பெயர் ஒன்று உண்டு. திருப்பண்ட வழிபாடு. இடைக்கால ஐரோப்பாவில் புனிதர்களின் எலும்பு, பல், உடுத்த துணி எல்லாம் விலைக்குப் போயின. தொட்ட பொருளில் தொட்டவரின் ஆற்றல் தங்கியிருக்கும் என்ற நம்பிக்கைதான் அந்த வியாபாரத்தின் முதலீடு. ஏசுவைச் சுமந்த சிலுவையின் துண்டுகள் என்று ஊர் ஊராகக் காட்டுவதையெல்லாம் ஒன்று சேர்த்தால் ஒரு கப்பல் நிறைந்துவிடும் என்று 1543இல் கால்வின் எழுதினார். அவரே ஒரு மதத் தலைவர்தான், அவருக்கே பொறுக்கவில்லை. உண்மையான திருப்பண்டம் என்பதற்கு மேலிடத்துச் சான்றிதழ் வேண்டும், முத்திரை வேண்டும். துப்பாக்கிச் சந்தையிலும் அதே முறை. போரில் கைப்பற்றிய துப்பாக்கியை ஊருக்கு எடுத்துப் போக அமெரிக்கச் சிப்பாய்க்கு மேலதிகாரி எழுதிக் கொடுத்த அனுமதிச் சீட்டு கூடவே இருந்தால் விலை ஏறும். பழுப்பேறிய அந்தத் தாளைக் கண்ணாடி உறையில் போட்டு வைத்திருப்பார்கள்.

நான் இட்டுக்கட்டிய ஒப்புமை இல்லை இது. அமெரிக்கச் சட்டமே இந்தப் பொருள்களை 'கியூரியோ ஆர் ரெலிக்' என்றுதான் குறிக்கிறது. ரெலிக் என்றால் திருப்பண்டம். செய்து 50 ஆண்டு ஆன துப்பாக்கி அந்த வகையில் சேரும். வயதாகாவிட்டாலும், வரலாற்று மனிதர் ஒருவரோடோ காலத்தோடோ நிகழ்வோடோ உள்ள தொடர்பினால்தான் அதன் விலையில் பெரும்பங்கு வருகிறது என்று காட்டினால் அதுவும் சேரும். பாதிரியார்கள் மறைத்து மறைத்துச் சொன்னதைச் சட்டம் எழுதியவர்கள் வெளிப்படையாகவே எழுதிவிட்டார்கள்: மதிப்பு பொருளில் இல்லை, அதைத் தொட்ட கையில் இருக்கிறது.

எந்தக் கை? ஏலக் கூடங்கள் பதில் சொல்லும். 1873 ஜூலையில் பிரஸ்ஸல்ஸில் கவிஞர் வெர்லேன் குடிபோதையில் இளங்கவிஞர் ரெம்போவின் மணிக்கட்டில் சுட்ட ரிவால்வர், 2016இல் பாரிஸில் 4,34,500 யூரோவுக்குப் போனது. வான் கோக் தன்னைச் சுட்டுக்கொண்டதாகச் சொல்லப்படும் துருப்பிடித்த ரிவால்வர் 2019இல் 1,62,500 யூரோ. அவர் உயிரோடு இருந்தபோது படங்களை வாங்க ஆள் தேடித் தவித்தார். ஐம்பதாவது பிறந்த நாளுக்கு வால்தர் குடும்பம் ஹிட்லருக்குக் கொடுத்த தங்க முலாம் பூசிய துப்பாக்கி 1987இல் 1,14,000 டாலர். இவற்றில் எதையும் பொறியியல் வேலைப்பாட்டுக்காக யாரும் வாங்கவில்லை.

வியன்னாவின் ராணுவ வரலாற்று அருங்காட்சியகத்தில் 1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் பிரின்சிப் சுட்ட பெல்ஜியம் பிரௌனிங் இருக்கிறது. வரிசை எண் 19074. சுடப்பட்ட ஆஸ்திரிய இளவரசருக்கு இறுதிச் சடங்கு செய்த இயேசு சபைப் பாதிரியாரிடம் போய்ச் சேர்ந்து, அவருக்குப் பின் சபையின் கையிலேயே இருந்து, 2004இல் வெளியே வந்தது. அந்தப் பாதிரியார் இளவரசருக்கு ஒரு நினைவுக்கூடம் கட்ட ஆசைப்பட்டாராம். ஆனாலும் இதை நான் குறை சொல்ல மாட்டேன். காரணம், அதே அருங்காட்சியகத்தில் இரத்தக் கறை படிந்த சட்டையும் இருக்கிறது, குண்டு துளைத்த காரும் இருக்கிறது. சுட்டதும் சுடப்பட்டதும் ஒரே கூரையின் கீழே இருக்கின்றன. வீட்டுக் கீழ்த்தளத்து இரும்பு அலமாரியில் சட்டை இருப்பதில்லை.

நாம் மட்டும் யோக்கியமா என்று கேட்டால், இல்லை. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில், ரயில் பெட்டியில் மனைவியோடு உட்கார்ந்திருந்த கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டதும் பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங்கால்தான். அந்தத் துப்பாக்கி நாளைக்கு ஏலத்துக்கு வந்தால் தமிழ்நாட்டில் எத்தனை பேர் மாலையோடு வரிசையில் நிற்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ரயில் நிலையத்தின் பெயரே மாறிவிட்டது. ஆனால் வாஞ்சிநாதனின் சட்டைப் பையில் இருந்த கடிதத்தில் வெள்ளையன் மீதான கோபத்தோடு சனாதன தர்மத்தைக் காக்கும் சபதமும் இருந்தது. துப்பாக்கிக்குச் சந்தனம் பூசுகிற கை அந்தக் கடிதத்தை முழுசாகப் படிக்குமா? ஆயுத பூஜைக்குத் துப்பாக்கிக்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டுகிற ஊர் இது. கும்பிட்டுவிட்ட பொருளைக் கேள்வி கேட்க நமக்கு வராது.

காந்தியைக் கொன்றதும் ஐரோப்பிய ராணுவத் துப்பாக்கிதான். இத்தாலியப் படைக்குச் செய்த பெரெட்டா, 1934 மாடல், எண் 606824. குவாலியரில் கைமாறி கோட்சேயிடம் வந்து 1948 ஜனவரி 30 அன்று மூன்று முறை சுட்டது. 2019இல் அதே நாளில் அலிகாரில் ஒரு கூட்டம் காந்தியின் உருவத்தைக் காற்றுத் துப்பாக்கியால் சுட்டு, கோட்சே படத்துக்கு மாலை போட்டுக் கொண்டாடியது. கொலைகாரனை வணங்கத் தொடங்கிவிட்டவர்களுக்கு உண்மையான துப்பாக்கிகூட வேண்டியிருக்கவில்லை. அந்த 606824 விலைக்கு வந்தால் அதை வாங்கத் துடிக்கிறவர்கள் யார் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? 'சேகரிப்பு என்பது யாருக்கும் கெடுதல் இல்லாத பொழுதுபோக்கு' என்கிறவர்கள் இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுப் போகட்டும்.

சேகரிப்பாளர்களிடம் இன்னொரு வாதம் உண்டு. ராணுவத் துப்பாக்கி போருக்குப் போனது, சரி. ஆனால் போலீஸ் துப்பாக்கி ஊர்க் காவலுக்கு இருந்தது, அதில் கறை இல்லை. வால்தர் பிபி என்பதில் உள்ள இரண்டு 'பி'யும் ஜெர்மன் மொழியில் போலீஸ் துப்பாக்கி என்பதன் சுருக்கம். 1929இல் வந்தது. பையில் வைத்துக்கொள்ள வசதி, இரட்டை இயக்க விசை, பாதுகாப்பு. போலீஸ் தரச் சோதகர் குத்திய முத்திரை கழுகு, பக்கத்தில் 'சி' அல்லது 'எஃப்' என்ற எழுத்து. இந்த எழுத்து இருந்தால் சந்தையில் தனி மரியாதை.

அந்தப் போலீஸ் என்ன செய்தது? ஹாம்பர்க்கிலிருந்து போலந்துக்கு அனுப்பிய 101ஆம் ரிசர்வ் போலீஸ் பட்டாளத்தில் 500 பேர்கூட இல்லை. பெரும்பாலோர் நடு வயதுக் குடும்பஸ்தர்கள். துறைமுகத் தொழிலாளிகள், லாரி ஓட்டுநர்கள், கணக்கெழுதுகிறவர்கள். 1942 ஜூலை 13 அன்று யூசெஃபுஃப் என்ற கிராமத்தில் சுமார் 1,500 யூதர்களைக் காட்டுக்குள் கொண்டுபோய்ச் சுட்டார்கள். விடியற்காலையில் அவர்களின் தளபதி மேஜர் டிராப் கண்ணீரோடு கட்டளையைப் படித்துவிட்டு, முடியாது என்கிற மூத்தவர்கள் விலகிக்கொள்ளலாம் என்றார். அந்த நேரத்தில் முன்வந்து விலகியவர்கள் ஒரு டஜன் பேர் அளவுதான். விலகியவர்களை யாரும் தண்டிக்கவில்லை. போர் முடிவதற்குள் அந்தப் பட்டாளம் சுட்டுக் கொன்றவர்கள் 38,000 பேராவது இருக்கும். இன்னும் 45,000 பேரை திரெப்ளிங்கா விஷவாயு முகாமுக்கு ரயிலேற்றியது.

'துப்பாக்கியா கொல்லுது, மனுசன்தான் கொல்றான்' என்று என் தம்பி சொன்னதை இந்த இடத்தில் முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஆமாம், மனிதன்தான் கொன்றான். கையில் ஆயுதம் இருந்தும் வேண்டாமென்று விலகிய பத்துப் பன்னிரண்டு பேர் அதற்குச் சாட்சி. அப்படியானால் நாம் பாதுகாக்க வேண்டியது அந்த விலகல் அல்லவா? வெல்வெட் பெட்டியில் வைத்துக் கும்பிட அதில் எதுவும் கிடைப்பதில்லை. விலகியவன் கையில் எதுவும் மிஞ்சவில்லை. ஹாம்பர்க் பக்கத்திலேயே நோயன்காமே வதைமுகாமில் கைதிகளை வேலை வாங்கி ஆயுதம் செய்தது அதே வால்தர் நிறுவனம். அந்தக் கைதிகள் தொட்ட இரும்பும் தொடப்பட்ட இரும்புதான். அவர்கள் கை பட்டது என்பதற்காக யாராவது ஒரு யூரோ கூடுதலாகக் கொடுத்ததுண்டா?

இன்னொரு இடத்துக்குப் போகிறேன். இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது, இருந்தாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

1940 ஏப்ரல். சோவியத் ரஷ்யாவின் கலினின் நகரம். இன்றைக்கு அதன் பெயர் த்வெர். ரகசியப் போலீஸ் தலைமையகத்தின் கீழ்த்தளம். ஓஸ்தாஷ்கோவ் முகாமிலிருந்து போலந்துக் கைதிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுவந்தார்கள். பெரும்பாலோர் போலீஸ்காரர்கள், எல்லைக் காவலர்கள். ஊர் நிலையத்தில் உட்கார்ந்து சைக்கிள் திருட்டை விசாரித்திருக்கக்கூடிய ஆட்கள். ஒருவர் ஒருவராக ஓர் அறைக்குள் அழைத்துப் பெயரையும் பிறந்த ஆண்டையும் கேட்டார்கள். விலங்கு மாட்டினார்கள். சத்தம் வெளியே போகாமல் கதவுக்குத் தடித்த கம்பளம் அடித்திருந்த அடுத்த அறைக்குள் தள்ளி, பின்னந்தலையில் ஒரு குண்டு. சுட்டவர்களின் தலைவன் வசீலி புளோகின். மாஸ்கோவிலிருந்து வந்தவன். தோல் தொப்பி, முழங்கையைத் தாண்டிய தோல் கையுறை, நீளமான தோல் முன்னாடை அணிந்துகொண்டுதான் அறைக்குள் இறங்குவான். ஒரு பெட்டி நிறையத் துப்பாக்கிகள் கொண்டுவந்திருந்தான். எல்லாம் ஜெர்மன் வால்தர். விடாமல் சுடும்போது சோவியத் துப்பாக்கி சூடாகிப்போகும், நம்ப முடியாது என்பது அவர்கள் கணக்கு. ஒரு ராத்திரிக்கு இருநூற்றைம்பது பேர் வரை. விடியும்போது வோட்கா. ஒரு மாதத்துக்கு மேல் இது நடந்தது. மொத்தம் 6,300 பேர் போல. அந்த ஊர் ரகசியப் போலீஸின் அன்றைய தலைவர் தோக்கரெவ் 1991இல் ராணுவ வழக்கறிஞர்களிடம் இதையெல்லாம் வாக்குமூலமாகச் சொன்னார்.

பழைய வால்தர்களைப் பற்றிச் சேகரிப்பாளர்கள் பேசும்போது முதலில் சொல்லுகிற பெருமை, 'நம்பி எடுக்கலாம், சிக்காது' என்பது. புளோகினும் அந்தக் குணத்துக்காகத்தான் அவற்றைத் தேர்ந்தெடுத்தான். தரம் என்ற சொல்லை இனி நான் ஒருபோதும் அந்தப் பொருளுக்குத் தனியாகச் சொல்ல மாட்டேன்.

ஒன்று கவனியுங்கள். அந்த அறையில்கூட முதலில் பெயரைக் கேட்டார்கள். நம் சேகரிப்பாளர் அதைக் கேட்பதில்லை. திருகாணியின் எண் வரை தெரிந்துவைத்திருக்கிறவருக்கு, அந்த இரும்பு யார் பக்கம் நீட்டப்பட்டது என்று ஒரு நிமிஷம் தேடத் தோன்றவில்லை. மனிதர் கையில் எண்ணைப் பச்சை குத்தியதும், துப்பாக்கிப் பாகத்தில் எண்ணைப் பொறித்ததும் ஒரே நாஜி ஆட்சிதான். எந்த எண் பொருந்துகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்?

சேகரிப்பதே குற்றம், எல்லாவற்றையும் உலையில் போடு என்று நான் சொல்லவில்லை. சாட்சி சொல்லக்கூடிய துப்பாக்கிகள் உண்டு. போலந்து ராணுவம் ஏற்ற 'விஸ்' துப்பாக்கியைப் பார்த்தால் எனக்கு அப்படித்தான் தோன்றும். ராதோம் நகர ஆலையில் செய்தது. போருக்கு முந்தையவற்றில் மகுடம் சூடிய போலந்துக் கழுகு. 1939இல் ஜெர்மனி ஊரைப் பிடித்து, ஆலையை ஆஸ்திரியாவின் ஷ்டாயர் நிறுவனத்திடம் கொடுத்தது. அதன் பிறகு வந்தவற்றில் ஜெர்மன் கழுகு, எண் 77. துப்பாக்கிக் குழலை மட்டும் ராதோமில் செய்ய விடவில்லை, ஷ்டாயரிலிருந்து வரவழைத்தார்கள். தொழிலாளிகள் முழுத் துப்பாக்கியைச் சேர்த்து எதிர்ப்பு இயக்கத்துக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று பயம். பயந்தது சரிதான். சாப்பாட்டுப் பையிலும் சட்டைக்குள்ளும் பாகங்கள் வெளியே போய்க்கொண்டுதான் இருந்தன. 1942 அக்டோபரில் தொழிலாளிகளைப் பிடித்து ஊர் பார்க்கத் தூக்கில் போட்டார்கள். ஒரே துப்பாக்கி, இரண்டு கழுகு, நடுவில் ஒரு தூக்குமரம். இதைச் சொல்லிக் காட்டுகிற சேகரிப்பாளன் ஆசிரியன். இதைச் சொல்லாமல் 'எண் 77, மூன்றாம் வரிசை, தொண்ணூறு சதவீதப் பூச்சு' என்று மட்டும் சொல்லுகிறவன் வியாபாரி.

சட்டங்களும் இந்த விஷயத்தில் தடுமாறுகின்றன. 1996 மார்ச் 13 அன்று ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளையும் ஓர் ஆசிரியையையும் ஒருவன் சுட்டுக் கொன்றான். உரிமத்தோடு வைத்திருந்த துப்பாக்கிகள். அவற்றில் இரண்டு பிரௌனிங். அடுத்த ஆண்டு பிரிட்டன் கைத்துப்பாக்கியையே தடை செய்தது. அப்போதும் 1919க்கு முன் செய்த வரலாற்று மதிப்புள்ளவற்றைத் தோட்டா இல்லாமல் வைத்துக்கொள்ள விதிவிலக்கு கொடுத்தார்கள். தோட்டா இல்லாமல் என்ற பகுதி எனக்குச் சம்மதம். வயதானால் துப்பாக்கி நிரபராதி ஆகிவிடும் என்ற எண்ணம் சம்மதமில்லை. கீழ்த்தளத்தில் நான் பார்த்த லூகருக்கு எண்பது வயது. விசையை இழுத்தால் இன்றைக்கும் அதன் முழங்கால் மடங்கும். மேலே இரண்டு பெண் குழந்தைகள் தூங்குகிறார்கள்.

மறுநாள் காலை காபி குடிக்கும்போது தம்பியிடம் மூன்று விஷயம் கேட்டேன். கழுகு முத்திரை இல்லாத அதே லூகருக்கு இதே விலை கொடுத்திருப்பாயா? இல்லை என்றான், மறைக்காமல். அப்படியென்றால் அந்த மிச்சப் பணம் எதற்குக் கொடுத்தது என்று நீயே யோசித்துக்கொள் என்றேன். இரண்டாவது, குழலை அடைத்து இனிச் சுட முடியாதபடி ஆக்கிவிடு. "வேல்யூ போயிடும்ணே" என்றான். எந்த வேல்யூ என்று கேட்டேன். மூன்றாவது, அலமாரிக்குள் எண்களும் விலையும் எழுதி வைத்திருக்கிற நோட்டில் எதிர்ப் பக்கத்தை காலியாக விடாதே. 1942இல் ஜெர்மன் ராணுவம் எங்கெங்கே இருந்தது, அங்கே யார் செத்தார்கள் என்று தேடி எழுது. உன் துப்பாக்கி அவர்களைச் சுட்டதா என்று நிரூபிக்க முடியாது. சுடவில்லை என்றும் நிரூபிக்க முடியாது. அந்தச் சந்தேகத்தையே எழுதி வை, பிள்ளைகள் பெரியவர்களாகிப் படிக்கட்டும்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. செய்தானா என்று நானும் கேட்கவில்லை. இதைப் படிக்கிறவர்களில் யாரிடமாவது இப்படி ஒரு பெட்டி இருந்தால், தாத்தா விட்டுப்போனதோ ஏலத்தில் எடுத்ததோ, அவர்களிடமும் கேட்பது இதைத்தான்.

கலினினில் கொல்லப்பட்டவர்களை மெட்னோயே என்ற இடத்தில் குழி தோண்டிப் புதைத்திருந்தார்கள். அங்கே இன்று கல்லறைத் தோட்டம் இருக்கிறது; ஆளுக்கு ஒரு தகடு, பெயரும் பிறந்த ஆண்டும் பொறித்தது. சுட்ட கட்டடம் இப்போது மருத்துவக் கல்லூரி. அதன் சுவரில் இருந்த நினைவுப் பலகைகளை 2020 மே மாதத்தில் கழற்றிவிட்டார்கள்.